உப்புவெளி வீட்டு விறாந்தையும் மரத்தளமும்: திருத்த வேலையை எப்படி ஒப்படைப்பது?

கேள்வி: உப்புவெளிக்காரி

வணக்கம். உப்புவெளியில் கடற்கரைக்கு ஐந்து நிமிட நடைதூரத்தில் உள்ள எங்கள் வீட்டின் முன் விறாந்தையையும், அதையொட்டி அப்பா 2011 இல் போடுவித்த மரத்தளத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. தளம் 16 அடிக்கு 10 அடி. நிலத்திலிருந்து இரண்டடி உயரம். மேற்பலகை முதிரை என்று அப்பா சொல்வார். கீழே கிடக்கும் சட்டங்கள் என்ன மரமென்று வீட்டில் எவருக்கும் தெரியாது. சென்ற மாதம் அம்மா உட்கார்ந்திருந்த பிளாஸ்ரிக் கதிரையின் பின்கால் பலகையைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. நல்ல வேளையாக அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விறாந்தையின் கொங்கிறீற் தூண் ஒன்றும் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் வெடித்து, துருப்பிடித்த கம்பியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் படலையடியில் நின்றபடியே முழு வேலைக்கும் ஒரு தொகை சொன்னார். இன்னொருவர் நாட்கூலிக்குத்தான் வருவேன் என்கிறார். மூன்றாமவர் அரைவாசிப் பணத்தை முன்னதாகக் கேட்கிறார், ஆனால் எதையும் எழுதித் தர விரும்பவில்லை. நான் கொழும்பில் வேலை செய்வதால் மாதத்தில் ஒரு தடவைதான் ஊருக்கு வர முடிகிறது. ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும். யாரை நம்புவது, எதை எழுதி வாங்குவது?

பதில் 1: உவர்மலை ஓய்வூதியர்

கட்டட வேலைகளை மேற்பார்வை செய்தே முப்பது ஆண்டுகள் போனவன் என்பதால் சொல்கிறேன், மகள்: ஆளைத் தேடுவதற்கு முன் பழுதைத் தேடுங்கள். என்ன பழுது என்று தெரியாமல் கேட்கும் விலைக்கு மூன்று பேரும் மூன்று பதில் சொல்வது இயல்புதான்.

அடுத்த முறை வரும்போது ஒரு பழைய ஸ்குரூ டிரைவரை எடுத்து, தளத்தின் கீழே படுத்து, சட்டங்கள் சுவரிலும் தூணிலும் முட்டும் முனைகளைக் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் அதன் நுனி கால் அங்குலம்கூட இறங்காது. உளுத்த மரத்தில் பாணில் குத்தியதுபோல் போகும். மண்குழாய்கள் ஏறியிருந்தால் கறையான். மரத்தூண் சீமெந்தின் மேல் நேராக உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பார்க்க மறவாதீர்கள், ஏனெனில் ஈரத்தை உறிஞ்சி முதலில் அழுகுவது தூணின் அந்த அடிமுனைதான். குத்தியதில் இறங்கிய ஒவ்வோர் இடத்திலும் சோக்கட்டியால் புள்ளடி போட்டு, கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

மரத்தளம் ஒரு மாதம் பொறுக்கலாம், கொங்கிறீற் தூண் பொறுக்காது. கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, மேலிருக்கும் சீமெந்தை உள்ளிருந்தே தள்ளி உடைக்கும். ஆகவே வெடிப்பின் மேல் சாந்து பூசித் தருகிறேன் என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். இரண்டு மாரி தாண்டாமல் அது திரும்பவும் வெடிக்கும். கூரைக்கு முட்டுக் கொடுத்து, கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, கம்பிக்கு வெளியே குறைந்தது 40 மில்லிமீற்றர் கொங்கிறீற் மூடும்படி வார்த்து, ஏழு நாளாவது ஈரச்சாக்குச் சுற்றி வைக்க வேண்டும். மணல் ஆற்றுமணலாக இருக்கட்டும். கடற்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அங்கிருந்து நான்கு வாளி அள்ளி வரும் சபலம் நம்மூரில் சிலருக்கு உண்டு, கம்பியைத் தின்பதே அந்த உப்புத்தான்.

பதில் 2: நிலாவெளி விடுதிக்காரர்

எனக்கு நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு உதவும். நான்கு வருடங்களுக்கு முன், சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கும் சித்திரைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் அரைவாசிப் பணத்தைக் கையில் கொடுத்தேன். பழைய பலகைகளைக் கழற்றிக் குவித்த மூன்றாம் நாள் அவர் வேறொரு வேலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தது வைகாசியில். இடைப்பட்ட ஆறு வாரமும் விருந்தினர்கள் எலும்புக்கூடாய் நின்ற சட்டங்களைத் தாண்டிச் சாப்பிட வந்தார்கள். அதைவிட மோசம், சாதாரண இரும்பு ஆணியையே அறைந்திருந்தார். ஒரே வருடத்தில் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் கறுப்பு வளையம் பிடித்து, மரமும் அந்த இடத்தில் பிளந்தது.

ஆகவே மரத்தையும் திருகாணியையும் நீங்களே வாங்குங்கள். கடலுக்கு இவ்வளவு கிட்ட 316 தரத் துருப்பிடியா உருக்குத் திருகாணிதான் நிலைக்கும். கடைக்காரர் 304 ஐக் காட்டி இரண்டும் ஒன்றுதான் என்பார். கடலோரத்தில் 304 தேநீர்க்கறை போன்ற துருவை விரைவில் காட்டிவிடும். கூலியை நான்காகப் பிரித்து, சட்டங்கள் முடிந்ததும் ஒரு பங்கு, பலகை முடிந்ததும் ஒரு பங்கு என்று கொடுத்து, கடைசிப் பங்கை முதல் மழை பெய்து தண்ணீர் எங்கும் தேங்கவில்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள்.

பதில் 3: அன்புவழிபுரத்துத் தச்சர்

தொழில் செய்பவன் பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நாட்கூலிக்குத்தான் வருவேன் என்றவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதில்லை. பலகையைக் கழற்றும்வரை கீழே எத்தனை சட்டம் போயிருக்கிறது என்று எனக்கும் தெரியாது. அந்த நிலையில் முழு விலை கேட்டால், எல்லாமே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் நான் விலை சொல்வேன். படலையடியில் நின்று விலை சொன்னவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம். அதனால் கழற்றும் வேலைக்கு மட்டும் ஒரு நாட்கூலி கொடுங்கள். கழற்றிய பிறகு, மாற்றும் சட்டத்துக்கு அடிக்கு இவ்வளவு, பலகைக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலையை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். மூன்று சட்டம் என்று நினைத்தது ஏழானாலும் அதன்பிறகு சண்டை வராது.

உங்கள் அப்பா சொன்னபடி அது முதிரை என்றால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அந்த மரம் இன்று விற்கும் விலைக்கு, மேலே சாம்பல் பூத்திருந்தாலும் இழைத்துத் திருப்பிப் போடலாம். புது மரம் வாங்கினால் பற்றுச்சீட்டையும், ஏற்றி வருவதற்கான அனுமதிப்பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள்; இரண்டும் இல்லாமல் மலிவாக வரும் பாலை மரமும் முதிரையும் வழியில் பிடிபட்டால் மரமும் போகும், லொறியும் போகும். ஈரமரத்தை அறைந்தால் கச்சான் காற்றில் முறுகும். வெட்டிய முனைகளுக்கு மரக்காப்பு எண்ணெய் இரண்டு தரம் பூசி, பலகைகளுக்கிடையே ஒரு ஐந்து மில்லிமீற்றர் விடச் சொல்லுங்கள். விடுதிக்கார ஐயா சொன்ன கடைசிப் பங்கை மழை வரும்வரை பிடித்து வைப்பது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை, ஆவணியில் முடித்த வேலைக்கு ஐப்பசிவரை காத்திருந்தால் என் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? குழாயைத் திறந்து தண்ணீர் அடித்துப் பார்த்தால் அதே உண்மை அன்றைக்கே தெரிந்துவிடும்.

பதில் 4: உவர்மலை ஓய்வூதியர்

தச்சர் தம்பி சொல்வது நியாயம். தண்ணீர் அடித்துப் பார்த்தே கொடுத்துவிடுங்கள். பிணக்கு வந்தால் நீதிமன்றம் ஏறுவதற்கு முன் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. அங்கேயும் பேசப்போவது நீங்கள் கையொப்பமிட்ட அந்த ஒரு தாள்தான்.

உப்புவெளிக்காரி

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ஊருக்கு வந்து தளத்தின் கீழே படுத்துப் பார்த்தேன். பதினொரு சட்டங்களில் நான்கின் முனைகளில் ஸ்குரூ டிரைவர் பிடிவரை இறங்கியது. நான்கும் சுவர்ப்பக்கம், கூரைத் தண்ணீர் விழும் இடம். நாட்கூலி கேட்டவரையே கழற்றும் வேலைக்கு அழைத்திருக்கிறேன். கையொப்பமிட நான் எழுதிய தாளைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூரைப் பீலியையும் மாற்ற வேண்டும் என்று கீழே ஒரு வரி தன் கையால் எழுதிச் சேர்த்தார். தூணுக்கு மேசன் புதன்கிழமை வருகிறார், முட்டுக் கொடுக்கும் தடிகளை அம்மா இப்போதே பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துவிட்டார்.