அம்மாவின் லூபஸும் அடக்கி வைக்கும் செல்களும்: ஒரு சந்தேகம்

மஸ்கெலியா மகள்:
அம்மா கொழுந்து பறிக்கிறவர். நாலு வருடமாக லூபஸ், அதற்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மாத்திரை குடிக்கிறார். பக்கத்துக் காம்பரா அத்தை "எதிர்ப்புச் சக்தி கூடும்" என்று ஒரு தூள் கொடுத்திருக்கிறார். சொந்த உடம்பையே தாக்கவிடாமல் தடுக்கும் செல்களுக்காக 2025இல் நோபல் கொடுத்தார்களே, அம்மாவுக்கு அவைதான் குறைவா? கூட்டினால் சுகமாகுமா?

ஹட்டன் விஞ்ஞான சேர்:
தங்கச்சி, முதலில் அந்தத் தூளை ஓரமாக வையுங்கள். லூபஸ் சக்தி குறைந்த நோய் இல்லை, ஆள் மாறி அடிக்கிற நோய். நம்முடைய டிஎன்ஏவுக்கு எதிராகவே பிறபொருளெதிரி (கிருமியை அடிக்கவேண்டிய புரதம்) உருவாகிறது.

நீங்கள் கேட்ட செல்கள்தான் ஒழுங்காக்கும் டி செல்கள், வெள்ளையணுவில் ஒரு வகை. அவற்றை வகுப்பில் கங்காணி என்றுதான் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். 1995இல் அவற்றை அடையாளம் காட்டியவர் ஷிமோன் சகாகுச்சி. லூபஸில் அவை குறைவா என்றால், ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை: சிலவற்றில் குறைவு, சிலவற்றில் குறைவே இல்லை. கங்காணி மலையில் நிற்கிறார், குரல்தான் எடுபடவில்லை. கேட்கவேண்டிய செல்களும் கேட்பதில்லை.

அப்புறம் சாப்பாட்டுப் பிரச்சினை. இந்தச் செல்களுக்கு இன்டர்லூக்கின்-2 என்ற சமிக்ஞைப் புரதம் வேண்டும். தாங்களாகச் செய்துகொள்ளத் தெரியாது, மற்ற டி செல்கள்தான் தரவேண்டும். லூபஸ்காரர்களிடம் அது குறைவாகவே சுரக்கிறது. அதனால் அதையே சின்ன அளவில் ஊசியாகப் போட்டுப் பார்க்கிறார்கள். அளவு கூடினால் அடிக்கிற செல்களும் கொழுத்துவிடும். இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது, கிளினிக்கில் போய்க் கேட்டுவிடாதீர்கள்.

தலவாக்கலை அக்கா:
எனக்குப் பதினொரு வருடம். சேர் செல்லைச் சொன்னார், நான் வெயிலைச் சொல்கிறேன். பனி மூடியிருக்கிறதே என்று நினைக்காதீர்கள், புற ஊதாக் கதிர் அதற்குள்ளும் வரும். உயரம் கூடக் கூட அதுவும் கூடும். தோல் செல்கள் செத்து உள்ளிருப்பது வெளியே வந்தால் நோய் கிளம்பும். அம்மாவுக்கு நீளக் கைச் சட்டை, தொப்பி. முடிந்தால் உச்சி வெயிலில் மலைக்கு விடாதீர்கள் (அன்றைய சம்பளத்துக்குப் பேர் போடமாட்டார்கள் என்பது வேறு கதை).

நன்றாகத்தானே இருக்கிறேன் என்று ஒரு திருவிழாக் காலத்தில் மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து, சிறுநீரகம் வரை போய்விட்டது. வருடா வருடம் கண்ணையும் காட்டுங்கள், அந்த மாத்திரைக்கு அது வேண்டும்.

மஸ்கெலியா மகள்:
நன்றி சேர், நன்றி அக்கா. தூளை ரோசாச் செடிக்குப் போட்டுவிட்டேன். அத்தை நாளைக்கு வந்து கேட்பார், என்ன சொல்ல?