புதுப்பிப்பு: உள்ளி, கிழங்கு, தேங்காய்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். அம்மாவுக்குக் கைவலி வந்ததிலிருந்து உரிப்பது, அரிவது, துருவுவது எல்லாம் என் பொறுப்பு. சமையல் பிடிக்கிறது, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் பிடிக்கவில்லை என்று. "அவசரப்படாமல் உட்கார்ந்து செய்து பாருங்கள்" என்றார் ஒரு அக்கா. செய்தேன். நிஜமாகவே மாறிவிட்டது.

உள்ளியை (சின்ன வெங்காயம்) கால் மணி நேரம் தண்ணீரில் போட்டு வைக்கிறேன். தோல் நனைந்து சுலபமாகக் கழன்று வருகிறது.

அதைவிட மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி)! நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் மண்ணோடு வாங்கி வருவேன். கத்தி முனையால் நீளவாக்கில் ஒரு கீறல். விளிம்பில் கட்டைவிரலை நுழைத்து நெம்பினால் பழுப்புத் தோலும் அடியில் இருக்கும் தடித்த பட்டையும் ஒரே சுருளாக வரும். உள்ளே பால் வெள்ளை. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு கிழங்கை எடுப்பேன். (வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு.) அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு இது என்று அவள் சொல்லித்தான் தெரியும்.

தேங்காய் துருவினால் மட்டும் இன்னும் தோள் வலிக்கிறது. ஆனால் சிரட்டையை ஒட்டிய பழுப்பு விழும் முன் நிறுத்தப் பழகிவிட்டேன், அவியல் வெள்ளையாக வருகிறது.

நாளை நெத்திலி. தலையைக் கிள்ளினால் குடலும் சேர்ந்து வந்துவிடுமாம். சரி, அரை கிலோ சொல்லிவைத்திருக்கிறேன்.