கிரகணத்தன்னிக்கு மாடிக்குப் போகலாமா?

மாடிவீடு: வர்ற செப்டம்பர் 7, 2025 ராத்திரி முழு சந்திர கிரகணம். நான் ஏழு மாச கர்ப்பம். ஜன்னல்கிட்டகூட வரக்கூடாதாம், அத்தை உத்தரவு. இட்லி மாவுல தர்ப்பை போடப்போறாங்க. கெட்ட கதிர் ஏதாவது நிஜமாவே வருதா?

பௌர்ணமிப்பித்தன்: நிலாவுக்குச் சொந்த வெளிச்சமே கிடையாது, வர்றது சூரிய ஒளிதான். பூமி குறுக்கே நிக்கறதால அதுவும் குறையும். நம்ம காற்றுமண்டலம் நீலத்தைச் சிதறடிச்சு, சிவப்பை வளைச்சு அனுப்பும். அதான் செக்கச்செவேல்னு தெரியும். முழு கிரகணம் 11 மணியிலிருந்து 12.22 வரை. சூரிய கிரகணம் மாதிரி கண்ணாடியெல்லாம் வேண்டாம், தாராளமா பாரும்மா.

காவிரிக்கரை: மத்த கோயிலெல்லாம் நடை சாத்தினாலும் காளஹஸ்தி திறந்திருக்கும், அத்தைகிட்ட சொல்லிப் பாருங்க! தர்ப்பை கிடந்துட்டுப் போகட்டும். மத்தியானத்துலேருந்து பட்டினின்னா மட்டும் ஒத்துக்காதீங்க.

மாடிவீடு: பட்டினி முடியாதுன்னு சொல்லிட்டேன். மாடி விஷயம் இன்னும் பேச்சுவார்த்தையில.