மனநலக் கணக்கெடுப்பு: இன்னொரு முறை தேவையா?

பொருநைக்கரை:
பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் மனநலக் கணக்கெடுப்புக்காகத் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் ஏறக்குறைய 35,000 பெரியவர்களிடம் பேசியது. 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நடுவில் கொரோனாவே வந்து போய்விட்டது, இன்னும் மேடைதோறும் அதே எண்தான். இங்கிலாந்தில் 1993 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். 16 முதல் 64 வயதுக்காரர்களிடம் மனச்சோர்வு, பதற்றம் போன்றவை 2014இல் 18.9 சதவீதம், 2023-24இல் 22.6 என்று அவர்களால் சொல்ல முடிகிறது. நாமும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்.

கள்ளிக்காடு:
எண்ணி என்ன செய்யப் போகிறோம் சார்? நோயுள்ளவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் சிகிச்சையே பெறவில்லை என்று அதே நிம்ஹான்ஸ் அறிக்கை சொன்னது. முதலில் அதைக் கவனியுங்கள். நான் கிராமங்களில் சுகாதாரக் கணக்கெடுப்புக்குப் போனவள். திண்ணையில் உட்கார்ந்து மருமகளிடம் "ரெண்டு வாரமா மனசு பாரமா இருக்கா?" என்று கேட்டால், வாசற்படியில் நிற்கும் மாமியார் "அவளுக்கென்ன குறை?" என்பார். அவளும் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றுமில்லை என்பாள். 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். இதுவா அளவு?

பொருநைக்கரை:
அது கேட்கும் முறையின் கோளாறு, மாற்றலாம். தற்கொலை எண்ணம் போன்ற கேள்விகள் வரும்போது இங்கிலாந்தில் கணினியைப் பதில் சொல்பவர்களிடமே கொடுத்துவிடுகிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஹெட்போனில் கேள்வியைப் போடலாம். மருத்துவமனைப் பதிவேட்டில் வந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இறந்த பிறகுதான் எண்ணுகிறது: 2022இல் 1,70,924 தற்கொலைகள். நீங்கள் சொன்ன 80 சதவீதமே எண்ணியதால் தெரிந்ததுதானே?

கள்ளிக்காடு:
சரி, ஹெட்போன் மாட்டுகிறீர்கள். 'சாகலாம் போலிருக்கிறது' என்று ஒருத்தி அழுத்துகிறாள். அப்புறம்? அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வருவதா? வீட்டிலிருக்கும் ஒரே போன் கணவன் சட்டைப்பையில். மருத்துவரைப் பார்க்க ஒருநாள் கூலியை விட வேண்டும்.

தேன்கூடு:
தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் தன்னார்வலர் மூலம் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தத் தன்னார்வலரே தூக்கம், மனச்சோர்வு பற்றி இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கலாமே?

பொருநைக்கரை:
வேண்டாம். அவர் அதே தெருக்காரர், அவரிடம் யார் மனதைத் திறப்பார்கள்? மாத்திரை தருபவர் தரட்டும், கணக்கெடுக்க வெளியூர் ஆள் வரட்டும்.

கள்ளிக்காடு:
வெளியூர் ஆள் சாயங்கால பஸ்ஸில் போய்விடுவார். 'ஆமாம்' என்றவளை ஒரு வாரத்துக்குள் போய்ப் பார்க்க ஒரு செவிலியர், அவளை மருத்துவரிடம் கூட்டிப்போகும் செலவு, இரண்டையும் கணக்கெடுப்பின் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். அது இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குச் சம்மதமில்லை.