யாழ்ப்பாண நகரை டிஜிட்டலில் வரைவோர்: எங்களுக்கென ஒரு பாணி அமைந்த விதம்

முற்றவெளி எழுதுகிறார்:

நகரக் காட்சிகளை டிஜிட்டலில் வரையப் பழகுபவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவை ஒரே வகையான நகரத்தைத்தான் முன்வைக்கின்றன: வானை முட்டும் கட்டடங்கள், மழையில் நனைந்த தார் வீதி, அதில் தெறிக்கும் நியோன் வெளிச்சம். கை பழகுவதற்கு அவை நல்லவை. ஆனால் அதே கையோடு யாழ்ப்பாணத்தின் முன்னால் வந்து அமர்ந்தால், வரைவதற்கு ஒன்றுமே இல்லாத ஊர் போல எங்கள் நகரம் தோன்றிவிடும். பாணி என்பது எந்தத் தூரிகையைத் தெரிவு செய்தோம் என்பதில் இல்லை என்றும், வரையும் ஊர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொரு படத்திலும் நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டே போவதில்தான் அது உருவாகிறது என்றும் நான் நம்புகிறேன். அந்தக் கேள்விகள் என்னிடம் எப்படி வந்தன என்பதை எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்க்க வேண்டும்.

யாழ்ப்பாணம் மலையோ குன்றோ இல்லாத தட்டையான நிலம். கோவில் கோபுரம், தேவாலயக் கோபுரம், தண்ணீர்த் தாங்கி, பனை, தொலைத்தொடர்புக் கோபுரம் ஆகியவைதான் நெடுங்காலமாக உயர்ந்து நின்றவை; அண்மையில் பொது நூலகத்துக்கு அருகே இந்திய உதவியுடன் எழுந்த கலாசார மையமும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. எஞ்சியவை எல்லாம் கிடையாக ஓடுகின்றன: மதில், வேலி, கடைச் சாய்ப்பு, மின்கம்பி. இதில் ஓவியருக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. தூரத்தைக் காட்டும் படத்தில், கண்மட்டத்துக்கு மேலே உள்ள கோடுகள் தொலைவை நோக்கி இறங்கும், கீழே உள்ளவை ஏறும், கண்மட்டத்திலேயே உள்ள கோடு மட்டும் எந்தப் பக்கமும் சாயாது. எங்கள் ஒழுங்கைகளின் மதில்களில் பல, நிற்கும் ஆளின் கண்ணுயரத்துக்கு மிக அண்மையானவை. ஆகவே சுண்டிக்குளியிலோ நல்லூரிலோ ஓர் ஒழுங்கையின் நடுவே நின்று பார்த்தால், மதிலின் மேல்விளிம்பு படத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஏறக்குறைய நேர்கோடாகவே போகும். அதற்கு மேலே ஓட்டுக் கூரைகளும் மாமரக் கிளைகளும் கம்பிகளும் சரிந்து வர, அதற்குக் கீழே வீதி விரியும். நான் எந்தப் படத்தைத் தொடங்கினாலும் முதலில் இடுவது அந்தக் கோட்டைத்தான். பெயர் போடாத படத்தைக் கண்டும் 'இது உங்களுடையது' என்று சிலர் சொல்லத் தொடங்கியது, அந்தக் கோட்டை மறைக்காமல், அலங்கரிக்காமல், வெளிப்படையாக விடத் தொடங்கிய பிறகுதான்.

இரண்டாவது கேள்வி வெயிலுடையது. யாழ்ப்பாணம் ஏறக்குறைய வட அகலக்கோடு 9.7 பாகையில் இருப்பதால், ஆண்டில் இரு தடவை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் பிற்பகுதியிலும், சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருகிறது. 'சூரியன் உச்சம் கொடுக்கிறது' என்று வானிலை அறிவிப்பில் வாசிப்பது இதைத்தான். அந்த நாட்களில் பகல் 12 மணி தாண்டிய சில நிமிடங்களில் மின்கம்பத்தின் அடியில் நிழலைத் தேட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்குப் பக்கமாக விழுகிறது. வடக்கு நாடுகளின் ஓவியர்கள் தங்கள் சரிந்த வெயிலில் கண்டு வரைந்த நீண்ட நிழல்களை எங்கள் நண்பகல் வீதியில் கொண்டுவந்து வைத்தால், எல்லாம் அழகாக இருந்தாலும் ஊர் எங்கள் ஊராக இருப்பதில்லை. அதனால் என் படங்களில் நிழல் நீளாது. ஓட்டு விளிம்பின் கீழே ஒடுங்கிய கரும்பட்டையாகவும், சைக்கிளின் அடியில் ஒரு சிறு திட்டாகவும் மட்டுமே இருக்கும். நிழலுக்கு நான் பயன்படுத்துவது ஒரே ஒரு மல்டிப்ளை லேயர், அதாவது கீழே உள்ள நிறங்களை இருளச் செய்யும், படத்தின் மேல் வைக்கும் ஒரு தனி அடுக்கு. அதன் நிறத்தைப் பலர் ஊதாவுக்கு அண்மையாக வைக்கிறார்கள். நான் மண்ணிறத்துக்கு அண்மையாக வைக்கிறேன், ஏனெனில் உச்சி வெயில் நிலத்தில் பட்டுத் திரும்பி விறாந்தையின் முகட்டுக்கு ஏறும்போது, நிலத்தின் நிறத்தையும் தன்னோடு கொண்டு போகிறது.

மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் ஒரு பெரியவர். பிரதான வீதியில் ஒரு பழைய வீட்டின் முகப்பை ஐபாட்டில் வரைந்துகொண்டிருந்தபோது சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "பிள்ளை, உந்த வீட்டுக்கு முன்விறாந்தை இருந்தது. நாலு தூண். நீர் கீறினதிலை அது இல்லை" என்றார். வீட்டிலும் அது இல்லை, போரில் போய்விட்டது. தூண்களின் அடிக்கட்டை மட்டும் புல்லுக்குள் இருந்தது. அவர் சொன்ன இடத்தில் தூண்களை வைத்துப் பார்த்தபோது வாசற்படியின் அகலமும் சுவரில் இருந்த சுண்ணாம்புத் தழும்பும் அவருடைய நினைவோடு அப்படியே பொருந்தின. இல்லாத விறாந்தையை இருப்பது போல வண்ணம் தீட்டுவது பொய்; அதை விட்டுவிடுவதற்கும் மனம் வரவில்லை. ஆகவே ஒரு தனி லேயரில், நிரப்பாமல், ஒரே தடிப்பான மெல்லிய கோட்டால் மட்டும் விறாந்தையை வரைந்தேன். அவர் திரையைப் பார்த்து, கடைசித் தூணைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னார். தள்ளி வைத்தேன்.

அன்று முதல், இன்று இல்லாத ஒன்றை வரையும்போது கோட்டை மட்டும் இடுவதும், நின்றுகொண்டிருப்பதற்கு மட்டும் வண்ணம் தருவதும் என் வழக்கமாகிவிட்டது. இதற்கு ஓர் எல்லையும் வைத்திருக்கிறேன்: அங்கே வாழ்ந்த அல்லது அதைக் கண்ட ஒருவர் சொன்னால் ஒழிய அந்தக் கோட்டை இடமாட்டேன். பொது நூலகத்தை வரையும்போது அதைப் பயன்படுத்துவதில்லை. 1981ஆம் ஆண்டு ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட அந்தக் கட்டடம் திருத்தப்பட்டு 2003இல் திரும்பத் திறக்கப்பட்டது. அதன் வெள்ளைக் குவிமாடம் இன்று முழுமையாக நிற்கிறது. அங்கே இழந்தவை நூல்கள். முகப்பில் கோடு இட்டு அந்த இழப்பைக் காட்ட முடியும் என்று நான் நினைக்கவில்லை.

கதியால் எழுதுகிறார்:

அக்கா, கண்மட்டக் கோட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு என் படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நான் வரைவது நகரத்தின் வெளிவிளிம்பு. கோப்பாய், இருபாலைப் பக்கத்து ஒழுங்கைகள். அங்கே மதிலை விட வேலி அதிகம். எனவே எனக்கு வந்த கேள்வி கோட்டைப் பற்றியதாக இல்லாமல் மேற்பரப்பைப் பற்றியதாக இருந்தது.

நான் கிரீட்டாவில் வரைகிறேன். அது இலவச மென்பொருள் என்பதால் எங்கள் மாணவர்கள் பலருக்கும் அதையே பரிந்துரைக்கிறேன். அதில் ஒரு கிடுகின் (பின்னிய தென்னோலையின்) படத்தை எடுத்துத் தூரிகையாக்கி, இழுத்த இடமெல்லாம் வேலி வருமாறு செய்ய முடியும். அப்படி வருகிற வேலி உயிரில்லாதது. ஒரே பின்னல் மூன்றாவது தடவை வந்ததும் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். இதற்கு வழி காட்டியவர் எங்கள் அயலில் கொட்டில் வேய வந்த ஒரு தொழிலாளி. கூரையின் கீழ்வரியை முதலில் கட்டி, அடுத்த வரி அதன் தலையை மூடும்படி மேலேறிக்கொண்டே போனார். மழைத்தண்ணீர் வழிந்தோட அப்படித்தான் வேய வேண்டும். அன்றிரவே அதே ஒழுங்கில் வரைந்து பார்த்தேன்: கீழ்வரிக்கு ஒரு லேயர், அதன் மேலே அடுத்த வரிக்கு ஒரு லேயர், ஒவ்வொரு வரியின் அடியிலும் கை நடுங்கினாற் போன்ற ஒரு சிறு நிழற்கோடு. அவர் கட்டிய ஒழுங்கும் லேயர்களின் ஒழுங்கும் ஒன்றாக இருந்தபடியால், எங்கே நிழல் விழ வேண்டும் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. புதிய கிடுகு மஞ்சள் கலந்த தவிட்டு நிறம், பழையது சாம்பல். வேலியின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிப்பது ஊரில் வழக்கம் என்பதால், இரண்டு நிறங்களும் பக்கத்தில் பக்கத்தில் வருவதே உண்மையான வேலி.

நிறத்தைக் கைபேசிப் படத்திலிருந்து உறிஞ்சி எடுப்பதை நான் விட்டுவிட்டேன். கமரா வெளிச்சத்தைத் தானாகவே சமப்படுத்துவதால் எங்கள் செம்மண் அதில் சோர்ந்துபோன கபில நிறமாக வருகிறது. இடத்திலேயே நிழலில் அமர்ந்து, கண்ணால் பார்த்து, ஐந்தாறு நிறங்களை மட்டும் தெரிவு செய்துகொள்கிறேன். அந்தப் படம் முடியும்வரை வேறு நிறம் எடுப்பதில்லை.

ஒருவரைப் பின்பற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். யப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1856 முதல் 1858 வரை எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தின் காட்சிகளை நூற்றுக்கும் அதிகமான மரச்செதுக்கு அச்சுகளாக வெளியிட்டார். மரக்கிளை, தூண், படகின் பாய் போன்ற ஒன்றை மிக அருகில் பெரிதாக வைத்து, அதன் இடுக்கால் நகரத்தைக் காட்டுவது அவர் கையாண்ட முறைகளில் ஒன்று. அந்த வரிசையில் இரண்டைப் பார்த்து வான்கோ 1887இல் தன் கையால் வரைந்து பழகினார். நானும் ஹிரோஷிகேயின் அமைப்புகளைப் பார்த்து வரைந்து பழகினேன். அந்தப் பயிற்சிப் படங்களை எங்கும் என் படைப்பாக வெளியிடவில்லை. அவற்றிலிருந்து எனக்கு எஞ்சியது ஒன்றுதான்: திறந்த படலையின் நிலையை முன்னால் பெரிதாக வைத்து, அதற்கூடாக ஒழுங்கையைப் பார்ப்பது. எங்கள் ஊரில் மனிதர்கள் வீதியைப் பார்ப்பது படலையில் நின்றுதான் என்பதால் அந்த முறை எனக்கு இரவலாகத் தோன்றவில்லை.

நீளமான வீதிக் காட்சிகளுக்கு நீங்கள் என்ன அளவில் கோப்பைத் தொடங்குகிறீர்கள், அக்கா?

கடைப்பலகை எழுதுகிறார்:

நான் அதிகம் வரைவது கஸ்தூரியார் வீதியையும் நவீன சந்தைப் பக்கத்தையும். அங்கே கட்டடத்தை விட எழுத்துதான் முன்னுக்கு நிற்கிறது. கடைப் பெயர்களைக் கணினி எழுத்துருவில் தட்டிச் சரித்து வைத்தால், எவ்வளவு நன்றாக வரைந்த வீதியிலும் அந்த இடம் மட்டும் ஒட்டுப்போட்டது போல நிற்கும். அதனால் ஒவ்வொரு பலகையையும் கையால் எழுதுவது என்று தீர்மானித்தேன். நெடுங்காலம் பெயர்ப்பலகை எழுதிய ஓர் ஐயா, இப்போது பிளெக்ஸ் வந்தபிறகு அந்தத் தொழிலை விட்டிருக்கிறார், என் ஐபாட்டைக் கையில் வாங்கி ஒரு பலகையைத் தானே எழுதிக் காட்டினார். அளவுகோல் வைக்கவில்லை. முதலில் மேலும் கீழும் இரண்டு கோடு இட்டார். பிறகு எழுத்துகளின் உடலை மட்டும் அந்தக் கோடுகளுக்குள் அடக்கி, 'ழ'வின் காலையும் 'ஞ'வின் வளைவையும் கீழ்க்கோட்டைத் தாண்டித் தாராளமாக இறக்கினார். "எழுத்துக்கு இடையிலை உள்ள வெளி எல்லாம் ஒரே அளவெண்டு கண்ணுக்குத் தெரியவேணும், அடிமட்டத்துக்கு இல்லைத் தம்பி" என்று சொன்னார். 'ட'வுக்கும் 'ப'வுக்கும் இடையில் அவர் விட்ட இடமும் 'ய'வுக்கும் 'ர'வுக்கும் இடையில் விட்ட இடமும் வேறுவேறு; ஆனால் வாசிக்கும்போது எல்லாம் சமமாகவே இருந்தன. என் படங்களில் இன்று யாரும் முதலில் குறிப்பிடுவது எழுத்தைத்தான். அதை எனக்குத் தந்தது அவருடைய கை.

2025 மார்ச்சில் புகைப்படங்களைச் செயற்கை நுண்ணறிவால் யப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஜிப்லியின் பாணிக்கு மாற்றும் ஆசை எங்கும் பரவியபோது, நல்லூர்க் கோவில் வாசலையும் அப்படி வரைந்து தரும்படி பலர் என்னிடம் கேட்டார்கள். மறுத்தேன். அந்தப் பாணி ஒரு கூட்டத்தினர் பல ஆண்டுகள் தங்கள் நிலத்தையும் வானத்தையும் பார்த்துப் பெற்றது. நல்லூரின் காவியும் வெள்ளையுமான பட்டைச் சுவருக்கு அது எதையும் புதிதாகச் சொல்வதில்லை. கேட்டவர்களில் ஒருவருக்கு என் முறையிலேயே தேர்முட்டிப் பக்கத்தை, கச்சான் கடைகளின் பலகைகளோடு வரைந்து அனுப்பினேன். அவர் அதை அச்சிட்டு வெளிநாட்டில் உள்ள சகோதரிக்குக் கொடுத்திருக்கிறார்.

முற்றவெளி எழுதுகிறார்:

கதியால் தம்பி, ஏ3 தாளுக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 4961க்கு 3508 பிக்சல் வேண்டும். வீதி நீளமானால் அகலத்தை இரட்டிப்பாக்குகிறேன். நான் ஐபாட்டில் வரையும் புரோகிரியேட் செயலியில் கோப்பு பெரிதாகும்போது அனுமதிக்கப்படும் லேயர்களின் எண்ணிக்கை குறைந்துவிடும் என்பதால், மிக நீண்ட காட்சிகளைப் பகுதிகளாக வரைந்து பின்னர் இணைக்கிறேன். பிரிக்கும் இடத்தை எப்போதும் ஒரு மின்கம்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு அதற்குள் மறைந்துவிடும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் சீஎம்வைகே என்ற அச்சு மை நிறமுறையில் ஒருமுறை பார்த்துக்கொள்வதும் அவசியம். திரையில் பளிச்சிடும் வாழைக்குருத்துப் பச்சையும் பண்ணைக் கடலின் நீலமும் அச்சில் மங்கும். செம்மண்ணும் கிடுகின் சாம்பலும் பெரும்பாலும் மாறாமல் வரும்.