குறைந்த செலவில் ஹோண்டா சிட்டி வீடெக் இன்ஜினைப் புதுப்பித்தல்: எதில் சிக்கனம் செய்யலாம்?

கேள்வி

என்னிடம் 2001ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் (சுழற்சிக்கேற்ப வால்வ் திறப்பை மாற்றும் ஹோண்டா அமைப்பு) கார் இருக்கிறது. சில காலமாக ஆயில் வேகமாகக் குறைகிறது. மேடேறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் நீலப்புகை வருகிறது. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) சோதித்ததில் மூன்று சிலிண்டர்கள் 170 பி.எஸ்.ஐ. அளவிலும் நான்காவது 120ஆகவும் இருந்தன. நான்காவதில் சிறிது ஆயில் விட்டுச் சோதித்தபோது 150 வரை ஏறியது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் இந்தக் காரை ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். கையில் 80,000 ரூபாய்தான் இருக்கிறது. ஒருவர் ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அழுத்தி அடித்துச் செய்த வலுவான பிஸ்டன்) போட்டுக் கம்ப்ரெஷனை ஏற்றச் சொல்கிறார். இன்னொருவர் வேறு இன்ஜினையே வாங்கி மாட்டச் சொல்கிறார். எதற்குச் செலவிடுவது சரியாக இருக்கும்?

மறுமொழி 1

ஆயில் விட்டதும் கம்ப்ரெஷன் ஏறியிருப்பதால், கசிவு வால்வில் அல்ல, ரிங்கிலோ (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) சிலிண்டர் சுவரிலோ இருப்பதாகக் கொள்ளலாம். இவ்வகை ஹோண்டா இன்ஜின்களுக்குக் குறைந்த அளவு 135 பி.எஸ்.ஐ.; சிலிண்டர்களுக்கிடையே 28க்கு மேல் வேறுபாடு கூடாது. ஆகவே இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். ஆனால் பிரித்து அளக்கும்வரை ஓர் உதிரிபாகம்கூட வாங்காதீர்கள். பட்ஜெட் கரைவது பெரும்பாலும் அளப்பதற்கு முன்பே வாங்கிக் குவிக்கும் பொருள்களில்தான்.

நல்ல லேத் பட்டறையில் போர் கேஜ் (சிலிண்டர் துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நீளவாக்கிலும் அதற்குக் குறுக்காகவும் அளக்கச் சொல்லி, எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். இந்த இன்ஜினின் துளை 75 மி.மீ. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு 0.05 மி.மீ.க்குள் இருந்து, கீறலும் இல்லையென்றால், ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் நுண்மையாகத் தேய்த்தல்) செய்து புது ரிங் போட்டாலே போதும். பழைய பிஸ்டன்களே தொடரலாம். அதைத் தாண்டினால் 0.25 மி.மீ. ஓவர்சைஸ் (அளவில் பெரிய) பிஸ்டனுக்குப் போரிங் செய்து துளையைப் பெரிதாக்க வேண்டும். அப்போதும் பிஸ்டன்களை முதலில் வாங்கிப் பட்டறையில் கொடுத்து, ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்பத் துளையிடச் சொல்லுங்கள்; பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவை நம்பித் துளையிட்டால் இடைவெளி தவறிவிடும்.

ஹோனிங் முடிந்த பிளாக்கைப் பெட்ரோல் ஊற்றித் துடைத்தால் போதாது. சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தி, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் படிகிறவரை ஹோனிங் கல்லின் துகள் சுவரில் இருக்கிறது. அது போகாமல் மாட்டினால் புது ரிங்கையே தின்றுவிடும். ரிங்கின் முனை இடைவெளியையும் அந்தந்தச் சிலிண்டருக்குள் வைத்தே ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) பாருங்கள். டர்போ இல்லாத 75 மி.மீ. துளைக்கு மேல் ரிங்கில் சுமார் 0.30 மி.மீ. வரை வைக்கலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு கிராங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹோண்டா இன்ஜின்களில் பிளாக்கிலும் கிராங்கிலும் பொறித்திருக்கும் குறியீடுகளைப் பொருத்திப் பார்த்து, நிறக் குறியிட்ட மெயின் பேரிங்கைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் குறியீடுகளைக் கழுவிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் தவறான செட் வாங்கும் வீண்செலவு இராது. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளி காட்டும் பிளாஸ்டிக் இழை) வைத்து இடைவெளியைச் சரிபார்க்காமல் பேரிங் மூடியை இறுதியாக முறுக்காதீர்கள்.

ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடி) வளைவு 0.05 மி.மீ.க்குள் இருந்தால் தேய்க்கவே வேண்டாம். வால்வ் சீல்கள், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முழு கேஸ்கெட் செட் ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வேறு இன்ஜினை மாட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. இன்ஜின் எண் ஆர்.சி.யில் இருப்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை மாற்றிப் பதிய வேண்டும். அதோடு, வாங்கும் இன்ஜினின் உள்நிலையும் தெரியாது. அதையும் பிரித்து அளக்க வேண்டிவந்தால் செலவு இரட்டிப்பாகும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஃபோர்ஜ்டு பிஸ்டன் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இந்தத் தொகைக்குள் ஓட்டத்தில் ஏதேனும் கூடுதல் வேகம் கிடைக்க வழியுண்டா?

மறுமொழி 1

இந்த இன்ஜின் புதிதில் தந்த 106 குதிரைத்திறனையும் முழுமையாக மீட்பதே உங்களுக்குப் பெரிய வேறுபாடாகத் தெரியும். பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பெட்ரோலை வைத்துக்கொண்டு கம்ப்ரெஷனை ஏற்றினால் நாக்கிங் (பெட்ரோல் முறைதவறி வெடித்து இன்ஜின் தட்டுவது) வரலாம். அதைத் தவிர்க்க இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் ஏற்றிய பலன் அங்கேயே போய்விடும். அதற்குப் பதிலாக வால்வ்களைச் சீட்டில் நன்றாக லேப்பிங் செய்து (பசை தடவித் தேய்த்துப் படியவைத்து), கூலி பேசும்போதே கசிவுச் சோதனையையும் சேர்த்துப் பேசுங்கள். வீடெக் சொலினாய்டின் (ஆயிலைத் திறந்துவிடும் மின்வால்வ்) அடியில் கேஸ்கெட்டோடு சேர்ந்த சிறிய வலை ஒன்று இருக்கும். ஆயில் குடித்த இன்ஜின்களில் அதில் கசடு அடைத்து, உயர் சுழற்சியில் வீடெக் பிடிக்காமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு.

மறுமொழி 2

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸையும் எடுத்துவிட்டு, ஆயில் அழுத்தம் வரும்வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் நெடுநேரம் ஐடிலிங்கில் விடாமல், கசிவு பார்த்துச் சூடேறியதும் சாலையில் இறக்கி, மிதமான சுமையில் ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் சுவரோடு படியும். தொடக்கத்தில் மினரல் ஆயில் போடுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலில் உலோகப் பொடி மின்னுகிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். அது சுத்தமாக இருந்து, கம்ப்ரெஷனும் நான்கிலும் ஒத்துவந்த பிறகு டிராக்கில் ஓட்டுங்கள்.