கனடாவில் மாகாண வரிச்சலுகை யாருக்கு? கடைக்காரனுக்கா, ஆலோசகருக்கா?

வடைச்சட்டி (ஸ்காபரோ):
நான் ஒரு சின்ன உணவுத் தொழிற்சாலை நடத்துகிறேன். மிக்சர், முறுக்கு, பருத்தித்துறை வடை. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இந்த வருடம் (2025) பொதி செய்யும் இயந்திரம் ஒன்றை 180,000 டொலருக்கு வாங்கினேன், பாதி வங்கிக் கடன். போன கிழமை ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுதான் மைத்துனர் சொன்னார், ஒன்ராறியோவில் உற்பத்தி இயந்திரம் வாங்கினால் மாகாணம் ஒரு பங்கைத் திருப்பித் தரும் என்று. என் கணக்காளர் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படி மூலைக்கு மூலை இருபது சலுகை ஒளித்து வைப்பதைவிட வரியை எல்லாருக்கும் ஒரே அடியாகக் குறைத்துவிட்டுப் போகலாமே? தெரிந்தவனுக்குக் கிடைக்கிறது, தெரியாதவன் முழு வரியையும் கட்டிவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். யாராவது மறுத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஐந்தொகை (மார்க்கம்):
நான் மறுக்கிறேன் அண்ணை. உங்கள் கணக்கையே போடுவோம். வருடத்துக்கு 60,000 லாபம் என்று வையுங்கள். 2025 கணக்குப்படி சிறு கம்பனிக்கு 500,000 வரையான லாபத்தில் மத்திய அரசுக்கு 9%, ஒன்ராறியோவுக்கு 3.2%. அதாவது மாகாணத்துக்கு நீங்கள் கட்டுவது 1,920 டொலர். நாளைக்கே அதைப் பூச்சியம் ஆக்கினாலும் உங்களுக்கு மிஞ்சுவது அந்த 1,920தான். மைத்துனர் சொன்ன இயந்திரச் சலுகை 15% வந்தால் 27,000. பதினான்கு வருட மாகாண வரி ஒரே தடவையில் வருகிறது, இதை விட்டுவிட்டு வரிக்குறைப்புக் கேட்கிறீர்களே! அதுவும் ரீஃபண்டபிள் வகை, கட்ட வரி இல்லாவிட்டாலும் காசாக வரும்.

ஒளித்து வைத்தது என்பதையும் ஏற்கமாட்டேன். அந்தச் சலுகை 2023 மார்ச் 23இல் இருந்து 10% ஆக இருந்தது, 2025 மே மாகாண பட்ஜெட்டில் 15% ஆக்கினார்கள். வருடம் 20 மில்லியன் முதலீடு வரை, ஆகக் கூடியது 3 மில்லியன். கம்பனியாகப் பதிந்திருக்க வேண்டும், சொந்தப் பெயரில் நடத்துகிறவருக்குக் கிடையாது. இன்னொன்று, வருகிற காசு இயந்திரத்தின் விலையில் கழிபடும், தேய்மானமும் அந்தளவுக்குக் குறையும். அதனால் 27,000ஐயும் இப்போதே செலவழித்துவிடாதீர்கள்.

கல்கரிக் குளிர்:
அந்த 27,000 வானத்தில் இருந்து விழவில்லை ஐந்தொகை. பக்கத்துத் தெருவில் சலூன் வைத்திருக்கிறவர் கட்டின வரியும் அதற்குள் இருக்கிறது. அவர் ஒரு கதிரை வாங்கினால் 15% யார் கொடுப்பார்கள்? முறுக்கு பொதி செய்வது உயர்ந்த தொழில், முடி வெட்டுவது தாழ்ந்த தொழில் என்று தீர்மானிக்க அரசாங்கம் யார்?

எங்கள் அல்பேர்ட்டாவில் 2019இல் முதலீட்டாளர் சலுகை, கணினி விளையாட்டுச் சலுகை, ஆராய்ச்சிச் சலுகை எல்லாவற்றையும் வெட்டினார்கள். கம்பனிகளுக்கான பொதுவான வரி வீதம் 12% இல் இருந்து 2020 யூலைக்குள் 8% ஆனது. சிறு கம்பனிக்கு 2%. படிவமும் இல்லை, ஆலோசகரும் இல்லை.

அப்புறம் ஒரு சின்னக் கேள்வி. ஊக்குவிப்பு என்றால் அது ஒருவரை ஏதாவது செய்யத் தூண்ட வேண்டும் அல்லவா? வடைச்சட்டி அண்ணை சலுகை இருப்பதே தெரியாமல்தானே இயந்திரம் வாங்கினார்! எதை ஊக்குவித்தது அந்த 27,000?

வடைச்சட்டி:
இது அடி. பழைய இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு தடவை பையைக் கிழித்துக்கொண்டிருந்தது, நான் எப்படியும் வாங்கியிருப்பேன்.

ஐந்தொகை:
கல்கரி சொன்ன கடைசி வரிக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி, பாதிக் கதையைத்தான் சொன்னீர். வெட்டின அதே அரசு 2020இலேயே திரைப்படத்துக்கு ஒரு புது வரிச்சலுகை கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் இருந்து ஆராய்ச்சிக்கு 8% மானியம் வந்தது, முந்திய வருடங்களைவிடக் கூட்டிச் செலவழித்தால் அந்தக் கூடுதலுக்கு 20%. வாசலால் துரத்தினது யன்னலால் வந்தது. வரி வீதத்தையும் பார்ப்போம். 60,000 லாபத்துக்கு உங்கள் 2% என்றால் 1,200. ஒன்ராறியோவுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் வருடத்துக்கு 720 டொலர். இதற்காக அண்ணை அடுப்பைத் தூக்கிக்கொண்டு கல்கரிக்கு வர வேண்டுமா?

நள்ளிரவு நிரலி (வாட்டர்லூ):
நான் வடைச்சட்டி பக்கம், ஆனால் காரணம் வேறு. மூன்று பேர் உள்ள மென்பொருள் கம்பனி எங்களுடையது. ஆராய்ச்சி வேலைக்குப் போன சம்பளம் 100,000. மேலதிகச் செலவுக்கு அதன் 55% ஐக் கூட்டலாம், ஆக 155,000. ஒன்ராறியோவின் 8% சலுகை 12,400. மத்திய அரசின் 35% ஐயும் சேர்த்தால் 60,000க்குக் கிட்ட. எங்கள் ஆலோசகர் வருகிற காசில் 25% என்று ஒப்பந்தம் எழுதினார், 15,000. மாகாணம் எங்களுக்குத் தந்த முழுக் காசும் அவருடைய சட்டைப்பைக்குப் போய், அதற்கு மேல் மத்திய அரசின் காசிலும் ஒரு துண்டு போனது. அவர் செய்த வேலை என்ன? என்னோடு இரண்டு தடவை தொலைபேசியில் கதைத்தார், நான் எழுதி அனுப்பினதையே கொஞ்சம் பெரிய சொற்களில் திரும்ப எழுதினார். இந்தச் சலுகை இல்லாமல் போனால் முதலில் அழப்போவது அவர்தான்.

ஐந்தொகை:
25% என்று கையெழுத்து வைத்தது யார்? மணிக்கணக்குக்குச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆராய்ச்சிச் சலுகை கேட்கிற T661 படிவத்தில் யார் தயாரித்தது, எவ்வளவு கட்டணம் என்று எழுதியே ஆக வேண்டும், எழுதாவிட்டால் 1,000 டொலர் தண்டம். ஆலோசகர்கள் கொழுக்கிறார்கள் என்று அரசுக்கே தெரிந்துதான் அந்தப் பகுதியைச் சேர்த்தார்கள். வேலை நடக்கும்போதே எதைப் பரிசோதித்தோம், எது பிழைத்தது என்று திகதி போட்டு எழுதி வைத்திருந்தால் அடுத்த தடவை நீங்களே பாதியைச் செய்யலாம்.

நள்ளிரவு நிரலி:
முதல் வருடம், காசு முடிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் யார் என்ன நீட்டினாலும் கையெழுத்து வைப்போம்.

கடலோரம் (முன்பு ஹலிஃபக்ஸ், இப்போது ரொறன்ரோ):
வெட்டு வெட்டு என்று சொல்லுகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். நோவா ஸ்கோஷியாவில் படப்பிடிப்புகளுக்கு உடை தைக்கிற பகுதியில் வேலை செய்தேன். உள்ளூர் ஆட்களின் சம்பளத்தில் பாதிக்கு மேல் மாகாணம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2015 ஏப்ரல் பட்ஜெட்டில் அதில் கைவைத்தார்கள். சட்டசபைக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் நின்றோம், நான் ஒரு பழைய மேசைவிரிப்பில் பதாகை தைத்துக்கொண்டு போனேன். அந்தக் கோடையிலேயே பதிலுக்கு ஒரு நிதியம் வந்தது, உண்மைதான். ஆனால் படம் எடுக்கிறவர்கள் ஒரு வருடம் முன்னதாகவே கணக்குப் போடுகிறவர்கள், எங்கே நிச்சயம் இருக்கிறதோ அங்கே போய்விடுவார்கள். எங்கள் மேசையில் தைத்த நாலு பேரில் மூன்று பேர் வருடம் முடிய முதல் மாகாணத்தை விட்டுப் போனோம். சஸ்காச்சுவனில் 2012இல் நிறுத்தினபோது நடந்ததையும் அங்கிருந்து வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள், நாங்கள்தான் நம்பவில்லை.

கல்கரிக் குளிர்:
அக்கா, உங்கள் கதை எனக்கு வருத்தம்தான். ஆனால் அது என் பக்கத்துக்கும் சாட்சி. பிரிட்டிஷ் கொலம்பியா 2025இல் வெளிநாட்டுப் படப்பிடிப்புக்கான சலுகையை 28% இல் இருந்து 36% ஆக ஏற்றியது. நாளைக்கு மற்ற மாகாணங்களும் ஏற்றும். பத்து மாகாணங்கள் ஒரே ஹொலிவூட்டை ஏலத்தில் எடுக்கின்றன, ஏலக்காசு நம்முடையது.

கடலோரம்:
ஏலம் நடக்கிற சந்தையில் ஒரு மாகாணம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் ஏலம் நிற்குமா தம்பி? எங்களுக்கு நின்றது சம்பளம்தான்.

வடைச்சட்டி:
இரண்டு பேரும் சொல்வது சரிபோலத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல். நான் இன்னும் சலூன்காரர் பக்கம்தான், ஆனால் 27,000ஐ விடவும் மாட்டேன். ஐந்தொகை, முற்பணம் ஏப்ரலில் கட்டினேன், இயந்திரம் ஒக்டோபரில் வந்தது. 15% வருமா, 10%ஆ? கம்பனி வருடம் டிசெம்பர் 31இல் முடிகிறது.

ஐந்தொகை:
முற்பணத் திகதி கணக்கில்லை. 2025 மே 15இலோ அதற்குப் பிறகோ இயந்திரம் உங்கள் உடைமைக்கு வந்து, பாவனைக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் உடைமை எப்போது மாறுகிறது என்று பாருங்கள். பாவனை என்றால் விற்கக்கூடிய ஒரு பொதியையாவது போடும் நிலை. ஓடிக்கொண்டிருக்கிறதுதானே?

அப்படியே இன்னொன்று, கோடையில் கல்லூரி மாணவர் ஒருவரைக் கோ-ஒப் (படிப்போடு சேர்ந்த பயிற்சி) வேலைக்கு எடுத்தீர்களா? உங்கள் கம்பனி கொடுக்கிற மொத்தச் சம்பளம் 400,000க்குள் என்றால் அந்த மாணவரின் சம்பளத்தில் 30%, ஒரு வேலைத்தவணைக்கு 3,000 வரை. கல்லூரியின் கடிதம் வேண்டும், படிவம் 550.

வடைச்சட்டி:
ஒரு பெடியன் நாலு மாதம் நின்றான், கடிதம் கேட்கிறேன். ஆனால் இயந்திரம் இன்னும் பலகைப் பெட்டிக்குள். அது 600 வோல்ட் கேட்கிறது, எங்கள் கட்டடத்தில் 208தான். ட்ரான்ஸ்ஃபோர்மர் போட வருகிறேன் என்ற எலெக்ட்ரீஷியன் இரண்டு கிழமையாகத் தொலைபேசி எடுக்கிறார் இல்லை. ஸ்காபரோப் பக்கம் வருடம் முடிய முதல் வரக்கூடிய ஆள் யாரையாவது தெரியுமா?